முரசு ஒலித்தது, யாரும் வரவில்லை: பழைய நூல்களிலிருந்து தலைமைக்குச் சில பாடங்கள்

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்

பண்டிதர் பெயரில் நடக்கும் இந்தச் சொற்பொழிவில் எதைப் பேசலாம் என்று எங்கள் மன்றத்தில் கூடிப் பேசியபோது, ஒரு மாணவர் தன் கல்லூரியில் நடந்த பயிற்சி வகுப்பைப் பற்றிச் சொன்னார். ‘இதிகாசங்களில் தலைமைப் பண்பு’ என்பது தலைப்பாம். ராமனிடம் கடமையுணர்வு, கிருஷ்ணனிடம் வியூகம், துரோணரிடம் பயிற்சி முறை என்று நாள் முழுக்கப் பாடம். கேள்வி நேரத்தில் அவர் எழுந்து, “துரோணரின் பயிற்சி முறையில் ஏகலைவனின் கட்டைவிரலும் சேருமா ஐயா?” என்று கேட்டிருக்கிறார். பயிற்சியாளர் சிரித்துவிட்டு, “நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோமே தம்பி” என்றாராம்.

அந்தப் பதில்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். எது நல்லது என்று முடிவுசெய்வது யார்? விரலை வாங்கியவருக்கு அது நல்ல பாடமாக இருக்கலாம். விரலைக் கொடுத்தவரின் பக்கம் நின்று படித்தால் அதே கதை வேறொன்றைச் சொல்கிறது. ஆகவே பழைய நூல்களிலிருந்து தலைமைக்குப் பாடம் எடுப்பதை நாம் மறுக்கவில்லை. எங்கே நின்றுகொண்டு எடுப்பது என்பதே நமது கேள்வி.

பண்டிதர் காட்டிய வழி

‘புராணமாவது, பாடமாவது, தூக்கியெறியுங்கள்’ என்று சொல்லும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் நாம் எறிந்துவிட்டாலும் அந்தக் கதைகள் நம்மை விடுவதில்லை. நல்லாட்சி என்பதற்கே ‘ராமராஜ்யம்’ என்று பெயர் வைத்திருக்கும் நாடு இது. கதை ஏற்கெனவே ஆட்சியில் இருக்கிறது. அதை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பது அரசியல் கேள்வி.

இதைப் பண்டிதர் அயோத்திதாசர் வெகு முன்பே உணர்ந்திருந்தார். 1907 ஜூன் 19-இல் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை நடத்தினார். அதில் அவர் செய்த பெரும்பணி மறுவாசிப்பு. தீபாவளி நரகாசுரனைக் கொன்ற நாளல்ல, எள்ளிலிருந்து எண்ணெய் எடுப்பதைக் கண்டறிந்து கொண்டாடிய நாள் என்று எழுதினார். தாழ்ந்தவர்கள் என்று சொல்லப்பட்டவர்கள் பூர்வ பௌத்தர்கள் என்றார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் எல்லாவற்றையும் இன்று நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கதையின் சாவி ஒரு சாதியின் இடுப்பில் மட்டும் தொங்க வேண்டியதில்லை என்று காட்டிய துணிச்சல் அவருடையது. மராத்தியத்தில் ஜோதிராவ் புலே 1873-இல் ‘குலாம்கிரி’ நூலில் வாமனனை விட்டுவிட்டு மாவலியின் பக்கம் நின்று எழுதியதும் இதே வேலைதான்.

சம்பூகனை யார் விசாரித்தார்கள்?

வால்மீகியின் பெயரில் வழங்கும் உத்தரகாண்டத்தில் ஒரு கதை உண்டு. ஒரு பிராமணர் இறந்துபோன தன் மகனின் உடலோடு அரண்மனை வாசலுக்கு வந்து, அரசன் செய்த பிழையால்தான் பிள்ளை செத்தான் என்று முறையிடுகிறார். ராமன் உடனே ஆலோசகர்களைக் கூட்டுகிறான். தவம் செய்யும் உரிமை இல்லாத ஒரு சூத்திரன் எங்கோ தவம் செய்கிறான், அதுவே காரணம் என்கிறார் நாரதர். அரசன் தானே புறப்பட்டுத் திசை திசையாகத் தேடுகிறான். தெற்கே ஓர் ஏரிக்கரையில் தலைகீழாகத் தொங்கித் தவம் செய்யும் ஒருவரைக் கண்டு, நீ எந்த வருணம் என்று கேட்கிறான். அவர் பொய் சொல்லவில்லை. சூத்திரன், என் பெயர் சம்பூகன் என்கிறார். பேச்சு முடிவதற்குள் தலை விழுகிறது. தேவர்கள் பூமாரி பொழிகிறார்கள். பிராமணச் சிறுவன் பிழைத்துக்கொள்கிறான்.

மாணவ நண்பர்கள் இந்தக் கதையை ஒரு பயிற்சி வகுப்பின் கண்ணோடு பாருங்கள். புகாருக்கு உடனே செவிசாய்த்தல் இருக்கிறது. வல்லுநர்களைக் கலந்தாலோசித்தல் இருக்கிறது. பிறரை ஏவாமல் தானே களத்துக்குப் போதல் இருக்கிறது. தயங்காமல் முடிவெடுத்தல் இருக்கிறது. தலைமைப் பண்பு என்று அவர்கள் பட்டியலிடும் அத்தனையும் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்றுதான். குற்றம் சாட்டப்பட்டவரிடம் அவர் தரப்பைக் கேட்கும் ஒரு கேள்வி இல்லை. கேட்கப்பட்டது சாதி மட்டுமே.

ஆகவே முதல் பாடம் இது: தலைவரின் தனிப்பட்ட குணங்களைப் பட்டியலிட்டால் தலைமை நல்லதா என்று தெரியாது. அந்தத் தலைமைக்குக் கீழே இருக்கும் கடைசி மனிதருக்குப் பேச இடம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும். அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் சம்பூகன் கதையை எடுத்துக்கொண்டது இதனால்தான். நால்வருணத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் தண்டனை இல்லாமல் முடியாது, சம்பூகனின் தலை அந்த அமைப்பின் விலை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். ஒரு நல்ல மனிதர் அரியணையில் அமர்ந்தாலும் அந்த அமைப்பு அவர் கையில் வாளைத் தரும்.

விதை நெல் கொடுத்த அரசு

இதற்கு எதிரில் பாலி மொழியின் தீக நிகாயத்தில் வரும் கூடதந்த சூத்திரத்தை வைத்துப் பார்ப்போம். மகாவிஜிதன் என்ற அரசன் பெரிய வேள்வி ஒன்று நடத்த விரும்புகிறான். அவனுடைய புரோகிதர் தடுக்கிறார். நாட்டில் கொள்ளை நடக்கிறது, ஊர்கள் சூறையாடப்படுகின்றன, இந்த நேரத்தில் வேள்விக்கு வரி போடுவது தவறு என்கிறார். அப்படியானால் கொள்ளையரைப் பிடித்துக் கொன்றுவிடலாமா, சிறையில் அடைக்கலாமா, நாடு கடத்தலாமா? அதனால் தீராது, தப்பியவர்கள் மறுபடி வருவார்கள் என்கிறார். உழுபவருக்கு விதையும் தீனியும் கொடு, வணிகருக்கு முதல் கொடு, அரசு வேலை செய்பவருக்குக் கூலியும் உணவும் கொடு என்பது அவர் சொன்ன வழி. அரசன் அப்படியே செய்கிறான். அதன்பின் மக்கள் கதவைத் தாழிடாமல், பிள்ளைகளை மடியில் ஆடவிட்டு வாழ்ந்தார்கள் என்கிறது நூல்.

அதே தொகுப்பில் சக்கவத்தி சீகநாத சூத்திரம் இதன் மறுபக்கத்தைச் சொல்கிறது. ஓர் அரசன் எல்லாக் கடமையும் செய்கிறான், இல்லாதவருக்குப் பொருள் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுகிறான். அதிலிருந்து வறுமை, வறுமையிலிருந்து திருட்டு, திருட்டிலிருந்து ஆயுதம், ஆயுதத்திலிருந்து கொலை, பிறகு பொய் என்று சங்கிலி நீள்கிறது. சேரிப் பையனைப் பிடித்து வழக்குப் போடுவதையே சட்டம் ஒழுங்கு என்று நினைக்கும் காலத்தில் இந்தக் கதைகள் நமக்கு வேண்டும். குற்றத்தின் வேரை ஒருவரின் பிறப்பில் தேடாமல் அரசு செய்யத் தவறியதில் தேடிய மரபு ஒன்று இந்த மண்ணில் இருந்தது என்பதற்கு இவை சாட்சி.

யார் யாரை வணங்குவது?

விநய பிடகத்தில் உபாலியின் கதை வருகிறது. பத்தியர், அநுருத்தர், ஆனந்தர், தேவதத்தர் முதலிய சாக்கிய இளவரசர்கள் துறவு பூணப் புறப்படுகிறார்கள். உடன் சென்றவர் உபாலி. அவர்களுக்கு முடிதிருத்தும் தொழில் செய்தவர். புத்தர் முன் நின்றபோது இளவரசர்களே ஒன்று கேட்கிறார்கள்: முதலில் உபாலிக்குத் துறவு கொடுங்கள், பிறகு எங்களுக்குக் கொடுங்கள். சங்கத்தில் முதலில் சேர்ந்தவரை அடுத்து வந்தவர் வணங்க வேண்டும் என்பது விதி. நாங்கள் உபாலியை எழுந்து நின்று வணங்க வேண்டும், அப்போதுதான் எங்கள் சாக்கியத் திமிர் அடங்கும் என்கிறார்கள். அப்படியே நடந்தது. புத்தர் மறைந்தபின் ராஜகிருகத்தில் சங்கம் கூடியபோது விநயம் முழுவதையும் ஓதி உறுதிசெய்யும் பொறுப்பு இந்த உபாலிக்குத் தரப்பட்டது. கத்தி பிடித்த கை என்று யாரும் தடுக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது இளவரசர்களின் பெருந்தன்மை அல்ல. பெருந்தன்மை ஒரு நாளைக்கு இருக்கும், மறுநாள் போய்விடும். அவர்கள் தங்கள் மனத்தை நம்பாமல் ஒரு விதிக்குத் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் பாடம். 

இதை நம் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 2020-இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்ட படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அரசமைப்புச் சட்டம் பதவியைக் கொடுத்தது, ஊர் நாற்காலியைக் கொடுக்கவில்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஒரு சங்கம் யார் முதலில் அமர்வது, யார் எழுந்து நிற்பது என்பதை ஏன் விதியாகவே எழுதி வைத்தது என்று அந்தப் படத்தைப் பார்த்தால் புரியும்.

கோதமியின் கேள்வி

உபாலி கதையோடு நிறுத்திக்கொண்டால் நாமும் ‘நல்லதை மட்டும் எடுத்துக்கொள்வோம்’ என்ற அந்தப் பயிற்சியாளர் ஆகிவிடுவோம். அதே விநய நூலில் மகாபஜாபதி கோதமியின் கதையும் இருக்கிறது. புத்தரை வளர்த்த தாய். பெண்களுக்கும் துறவு வேண்டும் என்று மூன்று முறை கேட்டார், மூன்று முறையும் மறுக்கப்பட்டது. முடியை மழித்துக்கொண்டு, காவி உடுத்தி, சாக்கியப் பெண்களோடு வைசாலி வரை நடந்தே போனார். வீங்கிய காலும் புழுதி படிந்த உடம்புமாக வாசலில் அழுதுகொண்டு நின்றவரை ஆனந்தர் பார்த்தார். உள்ளே போய் வாதாடினார்: பெண்களால் ஞானம் அடைய முடியுமா, முடியாதா? முடியும் என்றார் புத்தர். அப்படியானால் தடுப்பது ஏன்? முடிவு மாறியது.

சீடரின் கேள்விக்கு முன் தன் முடிவை மாற்றிக்கொண்ட தலைவர் என்று இதைப் பெருமையாகச் சொல்லலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. எட்டு நிபந்தனைகள் போடப்பட்டன. அதில் முதலாவது, நூறு ஆண்டு துறவிருந்த பிக்குணியும் அன்று சேர்ந்த பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது. கோதமி பிறகு மீண்டும் ஆனந்தர் வழியாகக் கேட்டனுப்பினார்: ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் சேர்ந்த காலத்தை வைத்தே வணக்கம் இருக்கட்டும். அது ஏற்கப்படவில்லை. இந்த நிபந்தனைகள் பிற்காலச் சேர்க்கை என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு. யார் சேர்த்திருந்தாலும் நூலில் இருக்கிறது.

தோழர்களே, உபாலிக்குக் கிடைத்த அதே விதியைத்தான் கோதமி கேட்டார். சாதியின் திமிரை அடக்கிய விதி, ஆணின் திமிருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. நமக்கு மிக நெருக்கமான மரபிலேயே இந்த விரிசல் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்வதுதான் பண்டிதரிடம் நாம் கற்ற வாசிப்பு. கோதமியின் அந்த இரண்டாவது கேள்வி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறது. நம் அமைப்புகளின் வாசலிலும்தான்.

என்னிடம் குறை கண்டீர்களா?

மழைக்காலம் முடிந்ததும் பிக்குகள் கூடிச் செய்யும் சடங்குக்குப் பவாரணை என்று பெயர். ஒவ்வொருவரும் எழுந்து, என்னிடம் ஏதேனும் குற்றத்தைக் கண்டிருந்தாலோ, கேட்டிருந்தாலோ, சந்தேகப்பட்டிருந்தாலோ இரக்கத்தோடு சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன் என்று சபையைக் கேட்க வேண்டும். சங்யுத்த நிகாயத்தில் ஒரு பவாரணை நாளில் புத்தரே இந்தக் கேள்வியைக் கேட்கிறார்: என் செயலிலோ சொல்லிலோ நீங்கள் குறைசொல்ல ஏதேனும் உண்டா? சாரிபுத்தர் எழுந்து இல்லை என்கிறார். பதில் என்னவென்பது இங்கே பெரிதல்ல. ஆண்டுக்கு ஒரு நாள் தலைவரே கேட்க வேண்டும், சபையில் கேட்க வேண்டும், கேட்டதற்குப் பதில் சொன்னவர் துரோகி ஆகக் கூடாது. இந்த ஏற்பாடுதான் பெரிது.

அவருடைய கடைசி நாட்களைச் சொல்லும் மகாபரிநிர்வாண சூத்திரத்திலும் இதே உறுதி தெரிகிறது. சங்கத்துக்கு அறிவுரை சொல்லாமல் போய்விடுவாரோ என்று ஆனந்தர் கவலைப்படுகிறார். கையை மூடி மறைத்து வைத்த போதனை என்னிடம் எதுவும் இல்லை என்கிறார் புத்தர். வாரிசை நியமிக்கவில்லை. தம்மமும் விநயமும் உங்களுக்கு ஆசிரியர் என்றார். மகன் ராகுலரும் சங்கத்தில் சேர்ந்தவர்தான். ஆனாலும் சங்கத்துக்குத் தலைமை குடும்பச் சொத்தாகப் போகவில்லை.

வைசாலி விழுந்த கதை

அந்தச் சூத்திரத்தின் தொடக்கத்தில் மகத அரசன் அஜாதசத்ரு, வஜ்ஜிகளை அழிக்க நினைத்து அமைச்சர் வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்புகிறான். வைசாலியை மையமாகக் கொண்ட வஜ்ஜிகளுக்கு மன்னராட்சி இல்லை, சபைதான் ஆட்சி. புத்தர் அமைச்சருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. ஆனந்தரைப் பார்த்து ஏழு கேள்விகள் கேட்கிறார். வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா? ஒன்றாகக் கூடி ஒன்றாகக் கலைகிறார்களா? ஒப்புக்கொண்ட சட்டத்தை மீறாமல் இருக்கிறார்களா? மூத்தோர் சொல்லைக் கேட்கிறார்களா? பெண்களை வலுவில் தூக்கிச் செல்லாமல் இருக்கிறார்களா? வழிபாட்டு இடங்களையும் அறவோரையும் காக்கிறார்களா? இவை இருக்கும்வரை அவர்கள் வளர்வார்கள், வீழ மாட்டார்கள் என்கிறார். ஏழில் ஒன்றுகூட அவர்களின் தலைவன் எவ்வளவு வீரன் என்று கேட்கவில்லை.

பின்னால் நடந்ததைப் புத்தகோசரின் உரை சொல்கிறது. காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர் இந்த உரையாசிரியர். வஸ்ஸகாரன் அரசனோடு சண்டையிட்டதுபோல் நடித்து வைசாலிக்கு அகதியாகப் போனான். அவர்கள் நம்பிப் பதவி கொடுத்தார்கள். பிறகு அவன் செய்தது மிகச் சின்ன வேலை. ஒருவரைத் தனியே அழைத்து, “வயலில் உழுகிறார்களா?” என்று கேட்பான். “ஆமாம், மாடு பூட்டி உழுகிறார்கள்.” அவ்வளவுதான். வெளியே வந்தவரை மற்றவர் கேட்பார்: “என்ன சொன்னார்?” “உழுவதைப் பற்றிக் கேட்டார்.” யார் நம்புவார்கள்? எதையோ மறைக்கிறான் என்று சந்தேகம். இன்னொருவரிடம், உன்னை ஏழை என்கிறார்களாமே. வேறொருவரிடம், உன்னைக் கோழை என்கிறார்களாமே. மூன்று ஆண்டுகளில் இருவர் சேர்ந்து ஒரு வழியில் நடக்காத நிலை வந்தது. சபை கூட்டும் முரசை அடித்துப் பார்த்தான். “பணக்காரர்கள் கூடட்டும், வீரர்கள் கூடட்டும், நாங்கள் எதற்கு?” என்று எல்லோரும் வீட்டில் இருந்துவிட்டார்கள். அஜாதசத்ரு படையோடு வந்தான். கங்கையைக் கடக்கவிடக் கூடாது என்று முரசு ஒலித்தது, யாரும் வரவில்லை. கோட்டைக் கதவையாவது மூடுவோம் என்று மறுபடி ஒலித்தது, யாரும் வரவில்லை. திறந்திருந்த வாசல் வழியே அவன் உள்ளே போனான்.

நமது முரசு

நம் மேடைகளில் பறை ஒலிக்கிறது, கூட்டம் வருகிறது. அதைச் சொல்லவில்லை. முடிவெடுக்கும் கூட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? உட்சாதிப் பெயரைச் சொல்லிப் பிரிக்க ஒரு வஸ்ஸகாரன் தேவைப்படுகிறானா, நாமே அந்த வேலையைச் செய்துகொள்கிறோமா?

எங்கள் மன்றத்தைப் பற்றியே சொல்லிவிடுகிறோம். பல ஆண்டுகள் எங்கள் மேடையில் பேசியவர்கள் ஆண்கள். தீர்மானத்தை எழுதியவர்களும் தேநீர் கொடுத்தவர்களும் பெண்கள். ஒரு முறை வரவு செலவுக் கணக்கைக் கேட்ட தோழர் ஒருவரை, யார் தூண்டிவிட்டார்கள் என்று திருப்பிக் கேட்டோம். அவர் அதன்பின் வரவே இல்லை. இந்த உரையைத் தயாரித்தபோதுதான், அன்று நாங்கள் அவரிடம் கேட்டது வைசாலியில் கேட்ட கேள்வி என்று உறைத்தது. சம்பூகனை நினைத்துக் கண்ணீர் விடும் நாம், நம் கூட்டத்தில் எழுந்தவரின் தரப்பைக் கேட்கவில்லை. இதை இந்த மேடையில் சொல்லாமல் தலைமையைப் பற்றிப் பேச எங்களுக்குத் தகுதியில்லை.

1943 ஜனவரி 18-இல் பூனாவில், ரானடேயின் பிறந்தநாளில் அம்பேத்கர் பேசினார். அதுவும் இதுபோன்ற நினைவுப் பேச்சுதான். பெரியவர் ஒருவரைப் போற்றும் மேடையிலேயே தனிமனித வழிபாட்டை அவர் கடுமையாக விமர்சித்தார். 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில், பக்தி மதத்தில் ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோகும் என்று எச்சரித்தார். அதே உரையில் பௌத்த சங்கங்களில் இருக்கை ஒழுங்கு, தீர்மானம், குறைந்தபட்ச வருகை, வாக்கெண்ணிக்கை, கண்டனத் தீர்மானம் எல்லாம் இருந்தன என்று நினைவூட்டினார். அவர் அந்தப் பழைய நூல்களிலிருந்து ஒரு வீரனை எடுத்துவரவில்லை, கூட்டம் நடத்தும் விதிகளை எடுத்துவந்தார். அவருக்கு ஆளுயரக் கட்அவுட் வைக்கும் நாம் இதைத்தான் மறந்துபோகிறோம்.

ஆகவே எங்கள் மன்றம் இந்த ஆண்டு முதல் நான்கு காரியங்களைச் செய்ய முடிவெடுத்திருக்கிறது. பொறுப்புகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறும், ஒரே குடும்பத்திலிருந்து அடுத்தடுத்து வர முடியாது. பொறுப்புகளில் பாதி பெண்களுக்கு, செயலாளர் பொறுப்பும் அதில் சேரும். கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லோர் முன்னும் வாசிக்கப்படும். ஆண்டுக்கு ஒரு நாள், மழை முடிந்த பிறகு, பொறுப்பில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து ‘எங்களிடம் குறை கண்டீர்களா?’ என்று கேட்பார்கள். அன்று பேசுகிறவரை யாரும் இடைமறிக்கக் கூடாது.

முதல் கூட்டத்துக்கு, கணக்குக் கேட்ட அந்தத் தோழர் வீட்டுக்கு நாங்களே நேரில் போய் அழைக்கப் போகிறோம். வருவாரா என்று தெரியாது. போக வேண்டியது எங்கள் கடமை.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை உங்கள் கல்லூரியில் இதிகாசத் தலைமை பற்றி வகுப்பு நடந்தால் வெளியே வந்துவிடாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். பிறகு எழுந்து சம்பூகனைப் பற்றிக் கேளுங்கள், உபாலியைப் பற்றிச் சொல்லுங்கள். அங்கே கேட்ட அதே தைரியத்தோடு இங்கே வந்து எங்களையும் கேளுங்கள்.